கிராபிக்ஸ் கார்டுக்குக் கூடுதல் ஃபேன்: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவர்கிளாக் செய்த, அதாவது தயாரிப்பாளர் வகுத்ததைவிடக் கூடுதல் வேகத்தில் ஓடவிட்ட, கிராபிக்ஸ் கார்டின் சூட்டைக் குறைக்கக் கூடுதல் ஃபேன்களைப் பொருத்திக்கொள்வது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்திவருபவன் என்ற முறையில், இந்தப் பொருளைத் தமிழ் நாளிதழ் ஒன்று எடுத்துக்கொண்டதே எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஃபேன் கூடக் கூடக் குளிர்ச்சியும் கூடும் என்ற பொருள்படக் கட்டுரை முடிந்திருப்பதையும், புதிய ஃபேன்களைக் கார்டிலேயே உள்ள ஃபேன் இணைப்பில் சேர்த்துவிடலாம் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பதையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முன்னது பாதி உண்மை. பின்னதோ கார்டையே பலிவாங்கிவிடக் கூடியது.

எங்கள் பக்கத்தில் நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களில் கணினி விளையாட்டு ஆடும் இளைஞர்களைவிடக் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களே அதிகம். 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1070 போன்ற கார்டுகளைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, முகூர்த்த மாதத்தில் ஒரு வீட்டு வீடியோவை முடித்துக்கொடுத்து அடுத்த வீட்டு வேலையைத் தொடங்க வேண்டிய அவசரத்தில் அவற்றை ஓவர்கிளாக் செய்து, இரவில் ரெண்டர் (தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக உருவாக்கும் வேலை) போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். கணினி இருப்பதோ பெரும்பாலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் தளம் இரவு பதினோரு மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். வைகாசி முகூர்த்தங்களும் கத்திரி வெயிலின் கடைசி நாட்களும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுவதால், ஆண்டின் மிகக் கடுமையான வேலையை ஆண்டின் மிகச் சூடான நாட்களில் அந்தக் கார்டுகள் செய்கின்றன. தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு நாளையே கேபிள் டையும் ஃபேனுமாக உட்காரப் போகிறவர்களும் இவர்கள்தான்.

சென்ற ஆண்டு இதே மாதத்தில் அப்படி ஒரு ஜிடிஎக்ஸ் 1070 என் மேசைக்கு வந்தது. கார்டின் சொந்த ஃபேன்கள் இரண்டின் மேலேயே 120 மில்லிமீட்டர் கேபினட் ஃபேன்கள் இரண்டை வைத்துக் கேபிள் டையால் இறுக்கியிருந்தார் அதன் உரிமையாளர். டைகளின் வாலை வெட்டாமல் விட்டிருந்ததால் ஒன்று உள்ளே வளைந்து கார்டின் ஃபேன் இறக்கையில் சிக்கி, அந்த ஃபேன் சுற்றாமல் நின்றுபோயிருந்தது. இறக்கையின் ஓரத்தில் எலி கொறித்ததுபோல் ஒரு வெட்டு. மேலே கட்டியிருந்த இரண்டில் ஒன்று தலைகீழாக இருந்தது. அதாவது, கார்டின் ஃபேன் ஹீட் சிங்கை (சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தொகுதி) நோக்கிக் காற்றைத் தள்ள முயல, அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த ஃபேன் அதே காற்றை எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு ஃபேன்களின் கம்பிகளையும் உரித்து முறுக்கி டேப் சுற்றி, கார்டில் இருந்த ஒரே இணைப்பில் சேர்த்திருந்தார். அந்த இணைப்பு செத்துப்போயிருந்தது. கார்டு 94 டிகிரியை, அதாவது அந்த வகைச் சிப்புக்குத் தயாரிப்பாளர் வகுத்த உச்ச வரம்பை, தொட்டுத் தொட்டு மீண்டுகொண்டிருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்டபத்தில் புழுக்கம் என்றால் இன்னும் இரண்டு பெடஸ்டல் ஃபேன் கொண்டுவரச் சொல்வதுதானே நம் வழக்கம்? ஆனால் அந்த ஃபேன் நமக்குக் குளிர்ச்சி தருவதன் காரணம், அது நம் மேல் உள்ள வியர்வையை உலர்த்துகிறது என்பதே. கார்டுக்கு வியர்க்காது. எத்தனை ஃபேன் வைத்தாலும் அதன் சூடு அதைச் சுற்றியுள்ள காற்றின் சூட்டுக்குக் கீழே இறங்காது. அந்தக் காற்றே 45 டிகிரியில் இருந்தால், கணக்கு 45இலிருந்துதான் தொடங்கும். கட்டுரையில் விடுபட்ட முதல் செய்தி இது.

ஓவர்கிளாக் செய்வதால் எவ்வளவு சூடு கூடுகிறது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். சிப் செலவிடும் மின்திறன், அதன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். வேகத்தைப் பத்து சதவீதமும் அதைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தை ஐந்து சதவீதமும் உயர்த்துவதாக வைத்துக்கொண்டால், 1.1ஐ 1.05இன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1.21. ஜிடிஎக்ஸ் 1070க்கு வகுத்த அளவு 150 வாட் என்பதால், மின் வரம்பையும் தளர்த்திவிட்டால் அது 180 வாட் பக்கம் போய்விடும். பத்து சதவீத வேகத்துக்கு இருபது சதவீதத்துக்கும் மேல் கூடுதல் சூட்டை விலையாகக் கொடுக்கிறோம். அந்த முப்பது வாட்டும் பழைய விரல்நக அளவுச் சிப்பிலிருந்தே வெளியேறியாக வேண்டும்.

அது வெளியேறும் வழியைப் படிப்படியாகப் பார்த்தால்தான் ஃபேனின் இடம் எது என்று புரியும். சிப்பிலிருந்து தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் இடையில் பூசும் பசை) வழியாக ஹீட் சிங்குக்கும், அங்கிருந்து குழாய்கள் வழியாக அலுமினியத் தகடுகளுக்கும், தகடுகளிலிருந்து கேபினட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும், கேபினட்டிலிருந்து அறைக்கும் சூடு போகிறது. கார்டின் மேல் கட்டும் ஃபேன் இவற்றில் ஒரே ஒரு படியில், தகட்டிலிருந்து காற்றுக்குப் போகும் படியில் மட்டும், வேலை செய்கிறது. எட்டு ஆண்டு ஓடிய கார்டில் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் சூடு முதல் படியையே தாண்டாது. தகடுகளின் இடையில் தூசி நமுத்துக் கம்பளம்போல் படிந்திருந்தால் காற்று உள்ளே நுழையவே நுழையாது. என்னிடம் வரும் சூட்டுப் புகார்களில் பெரும்பகுதி, பேஸ்ட்டை மாற்றித் தூசியைத் தட்டியதோடு முடிந்துவிடுகிறது. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; புளோயரின் வேகத்தில் அதைத் தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

கடைசிப் படியான கேபினட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 1,150 ஜூல் ஆற்றல் போதும். கணினி முழுவதுமாக 250 வாட் சூட்டை வெளிவிடுவதாகவும், கேபினட் வழியாக மணிக்கு 40 கன மீட்டர் காற்று மட்டுமே போய்வருவதாகவும் வைத்துக்கொண்டால், வெளியேறும் காற்று அறையைவிட ஏறத்தாழ 20 டிகிரி சூடாக இருக்கும். அதே கேபினட்டில் 80 கன மீட்டர் போகுமாறு செய்துவிட்டால் இந்த வேறுபாடு பத்து டிகிரிக்கு இறங்கிவிடும். கேபினட்டுக்குள் காற்றுச் சூடு குறைகிற அளவுக்குக் கார்டின் சூடும் ஏறக்குறைய அப்படியே குறையும். இதற்குக் கார்டைத் தொடவே வேண்டியதில்லை. அந்த ஸ்டுடியோ கணினியின் கேபினட்டில் பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன் இருந்தது. முன்பக்கம் அழகுக்காகக் கண்ணாடித் தகடு போட்டு அடைத்திருந்தது. கேபினட்டையோ கம்ப்யூட்டர் மேசையின் கீழறைக்குள் தள்ளிக் கதவையும் சாத்தியிருந்தார்கள். அந்தக் கீழறைக்குள் எத்தனை ஃபேன் சுற்றினாலும், ஒரே சூட்டுக் காற்றைக் கடைந்துகொண்டிருப்பதைத் தவிர அவற்றால் வேறென்ன செய்ய முடியும்?

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நான் ஊதுபத்தி வைத்திருக்கிறேன். கணினியை ஓடவிட்டு, புகையும் ஊதுபத்தியைச் சாம்பல் விழாதபடி தட்டிவிட்டுக் கேபினட்டின் முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தால், புகை உள்ளே இழுபடுகிறதா, தயங்குகிறதா, திரும்பி வருகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். முன்சொன்ன கணினியில், பின்பக்க ஃபேன் வெளியே தள்ளிய புகை மேசையின் பலகையில் முட்டி, பக்கவாட்டுத் துளை வழியாக மறுபடி உள்ளே போனதை உரிமையாளரே குனிந்து பார்த்தார். மேசைக் கதவைக் கழற்றுவதற்கு ஸ்க்ரூ டிரைவரை அவரே கேட்டு வாங்கினார். ஃபேனின் திசையை அறிய ஊதுபத்தியும் வேண்டாம்: மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும், சில ஃபேன்களின் சட்டத்தில் அம்புக்குறியும் இருக்கும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் கார்டு சூடாகத்தான் ஓடுகிறது என்றால் அப்போது கூடுதல் ஃபேனைப் பற்றிப் பேசலாம். அதிலும் இருக்கும் ஃபேனின் மேல் இன்னொன்றை அடுக்குவதற்கும், இருப்பதை எடுத்துவிட்டுப் பெரியதை வைப்பதற்கும் வேறுபாடு அதிகம். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய இரண்டு ஃபேன்கள் காற்றை அழுத்தும் வலிமையைச் சற்றுக் கூட்டலாமே தவிர, காற்றின் அளவை இரட்டிப்பாக்குவதில்லை. வேகம் ஒத்துப்போகாவிட்டால் மெதுவாகச் சுற்றுவது மற்றதற்குத் தடையாகவே நிற்கும். கார்டின் பிளாஸ்டிக் மூடியையும் சின்ன ஃபேன்களையும் கழற்றிவிட்டு, ஹீட் சிங்கின் தகடுகளை ஒட்டி 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் இரண்டை வைப்பதே அனுபவத்தில் பலன் தந்த வழி. 92 மில்லிமீட்டர் ஃபேனோடு ஒப்பிட்டால் இதன் பரப்பு சுமார் 1.7 மடங்கு என்பதால், அதே அளவு காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற வீட்டில் இதன் அருமை தெரியும். ஃபேன் சத்தம் என்பது புதிய தொல்லையும் அல்ல: 2003இல் வந்த ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்ற கார்டின் ஃபேன் போட்ட இரைச்சலை, அதைத் தயாரித்த என்விடியாவே கேலிசெய்து ஒரு காணொளி எடுத்தது.

மூடியைக் கழற்றுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கார்டுக்கு உத்தரவாதக் காலம் மீதமிருந்தால் இந்த வேலைக்கே போக வேண்டாம். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபேன் கார்டுக்குக் கீழே இறங்கும் என்பதால், மற்ற கார்டுகளைச் செருகும் அடுத்த ஸ்லாட்டுகள் மறைந்துபோவதோடு, கேபினட்டின் அடித்தளத்துக்கும் ஃபேனுக்கும் இடையில் காற்று நுழைய இடைவெளி இருக்கிறதா என்றும் அளந்துகொள்ள வேண்டும். எடை கூடுவதால் கார்டு தொங்கும். கீழே ஒரு முட்டு கொடுப்பது நல்லது. கேபிள் டையின் முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும், வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள், ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

இனி மின் இணைப்பு. நான் இந்தக் கடிதத்தை எழுதியதற்கு முதன்மையான காரணம் இதுதான். கார்டில் உள்ள ஃபேன் இணைப்பு, அந்தக் கார்டோடு வந்த ஃபேன்களின் மின்னோட்டத்துக்காக அமைக்கப்பட்டது. ஃபேனின் நடுவில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். என்னிடம் வந்த கார்டின் ஃபேன்கள் தலா 0.40 ஆம்பியர், அவற்றோடு அவர் சேர்த்திருந்த அதிவேக ஃபேன்கள் தலா 0.50 ஆம்பியர். 0.80க்கு அமைத்த இடத்தில் 1.80 ஆம்பியரை ஏற்றியிருந்தார். பழைய ஃபேன்களைக் கழற்றிவிட்டு, மொத்த ஆம்பியர் அவற்றைவிடக் குறைவாக உள்ள ஃபேன்களைத் தகுந்த மாற்றுக் கம்பியோடு அங்கே இணைப்பது ஒன்று. பழையவை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் தலையில் புதியவற்றையும் சுமத்துவது வேறொன்று. தங்கள் கட்டுரை இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. ஒரு ஃபேனின் நான்கு கம்பிகளில் ஒன்று சுற்று எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்வது. இரண்டு ஃபேன்களை ஒன்றாக இணைக்கும்போது ஒன்றிலிருந்து மட்டுமே அந்தக் கம்பி போக வேண்டும், இல்லையெனில் எண்ணிக்கை குழம்பிவிடும்.

மதர்போர்டில் உள்ள ஃபேன் இணைப்பைப் பயன்படுத்தலாம். பெரும்பாலான மதர்போர்டுகளில் ஓர் இணைப்பு 1 ஆம்பியர் வரை தாங்கும். ஆனால் இங்கே வேறொரு சிக்கல் இருக்கிறது. மதர்போர்டு தன் ஃபேன்களின் வேகத்தை வழக்கமாகப் பிராசசரின் சூட்டைப் பார்த்தே தீர்மானிக்கிறது. வீடியோ ரெண்டர் முழுவதையும் கிராபிக்ஸ் கார்டு செய்துகொண்டிருக்க, பிராசசர் சும்மா இருக்குமானால், கார்டு தகித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அதற்காகக் கட்டிய ஃபேன் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கார்டின் சூட்டைக் காட்டி, அதன்படி வேகத்தை மாற்றச் சொல்லலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஒரே நடுத்தர வேகத்தில் நிறுத்திவைக்கலாம். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.இலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற கம்பியில் நேரடியாகக் கொடுத்தால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். சத்தத்தைப் பொறுத்துக்கொள்பவர்களுக்கு அதுவும் பாதுகாப்பான வழிதான்.

கூடுதல் ஃபேன் உண்மையிலேயே தேவைப்படும் கார்டுகளும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் 24 ஜிபி நினைவகம் 24 சிப்களாகப் பிரிந்து, பாதி முன்பக்கமும் பாதி பின்பக்கமும் அமர்ந்திருக்கிறது. ஃபேன்களும் பெரிய ஹீட் சிங்கும் இருப்பதோ முன்பக்கம். பின்பக்கச் சிப்களின் சூடு பின்தகடு வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், நடுச் சிப் 70 டிகிரியில் சுகமாக இருக்கும்போதே நினைவகம் 110 டிகிரியை எட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்வதுண்டு. அத்தகைய கார்டின் பின்தகட்டைப் பார்த்து ஒரு சாதாரண ஃபேனை வைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். நினைவகத்தின் சூட்டைத் தனியாகக் காட்டும் ஜிபியு-இசட் போன்ற மென்பொருளைப் பார்க்காமல், நடுச் சிப்பின் சூட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். மாறாக, ஒற்றை ஃபேன் காற்றை இழுத்துக் கார்டின் பின்முனை வழியாகவே வெளியே ஊதிவிடும் புளோயர் வகைக் கார்டில், தகடுகள் மூடிய பெட்டிக்குள் இருப்பதால், மேலே என்ன கட்டினாலும் பெரிதாகப் பலன் இராது.

இவ்வளவு பாடும் எந்த லாபத்துக்காக என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். என்விடியா கார்டுகள் 2012 முதலே தம் வேகத்தைச் சூழ்நிலைக்கேற்பத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. ஜிடிஎக்ஸ் 1070 தலைமுறையில் சூடு ஏற ஏற ஏறத்தாழ 13 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வேகம் இறங்கும். வழக்கமான இலக்கான 83 டிகிரியைத் தாண்டப் பார்த்தால் இன்னும் வேகமாக இறங்கும். கையால் கூட்டிய 100 மெகாஹெர்ட்ஸைச் சூடான அறையில் கார்டே திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. எனவே ஸ்டுடியோக்காரர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் எதிர்வழி: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் வேகத்தை ஓரளவில் நிறுத்தி, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாருங்கள். ஒரு வோல்ட்டில் ஓடுவது 0.9 வோல்ட்டிலும் பிசகாமல் ஓடினால், 0.9இன் வர்க்கம் 0.81 என்பதால், அந்தச் சிப்பின் செலவு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கார்டுக்குக் கார்டு இந்த எல்லை மாறும் என்பதால், ஒரு மணி நேரமாவது நிஜமான ரெண்டர் ஓட்டிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உண்டாகாத சூட்டுக்கு ஃபேன் தேவையில்லை.

முன்சொன்ன கார்டைப் பற்றிக் கேட்பீர்களானால், பேஸ்ட்டை மாற்றி, மூடியைக் கழற்றி, தலா 0.20 ஆம்பியர் எடுக்கும் இரண்டு ஃபேன்களை மதர்போர்டு இணைப்பில் கொடுத்து, கேபினட்டின் முன்பக்கக் கண்ணாடியையும் எடுத்துவிட்டேன். ஓவர்கிளாக்கையும் நீக்கி, மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்தேன். அறை 35 டிகிரியாக இருந்த அன்று, இரண்டு மணி நேர ரெண்டரின் முடிவில் கார்டு 70 டிகிரியில் நின்றது. கார்டின் சொந்த ஃபேன் இணைப்பை மீட்க முடியவில்லை.

ஆகவே, அந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சியாக இரண்டு திருத்தங்களையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கார்டின் ஃபேன் இணைப்பில் கூடுதல் ஃபேன் சேர்க்கும் முன் ஸ்டிக்கரில் உள்ள ஆம்பியர் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. கட்டுரையோடு வெளியான படத்தில் கார்டுக்குக் கீழே காட்டப்பட்டிருக்கும் ஃபேனின் குறுக்குக் கைகள் நம்மைப் பார்த்து இருக்கின்றன, அதாவது அது கார்டை நோக்கி ஊதாமல் கார்டிலிருந்து காற்றை இழுக்கிறது என்பது மற்றொன்று. இந்த முகூர்த்த மாதம் முடிவதற்குள் அவை வெளிவந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
விருதுநகர் மாவட்டம்